தலைமாட்டில் மாட்டிய வாழ்க்கை

என் மாமனாருக்குக் கர்நாடக சங்கீதத்தில் ஈடுபாடு உண்டு என்பது, அவருடைய வாழ்க்கைக் கதையை எழுதிய அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய் இத்தனை வருடத்தில் அவர் ஒரு ராகத்தையும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. ரேடியோவில் யாராவது ஆலாபனையை இழுக்கத் தொடங்கினால், "அந்தாளுக்கு வயித்து வலி போல, மூடும்மா அத" என்பார். ஆனால் எழுதியாகிவிட்டது. கம்பியூட்டரில் தமிழிலும் சிங்களத்திலும் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டும் ஆகிவிட்டது. மறுத்துச் சொல்லலாம் என்றால் அவருக்குப் பேச்சும் இல்லை.

ஹாலிஎலயில் அவருக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை உண்டு. பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் வலது காலும் வேலை செய்யவில்லை. நாக்கும் அதோடு போனது. பதுளைப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் மருந்து எடுக்கப் போக வேண்டும். மூக்கில் குழாய் விட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். நாம் பேசுவது அவருக்குப் புரிந்தது. ஆமென்றால் கண்ணை மூடித் திறப்பார், இல்லையென்றால் தலையை ஆட்டுவார். பேசத் தெரிந்த காலத்திலும் எங்கள் வீட்டில் அவருக்கு அதற்கு மேல் இடம் இருந்ததில்லை என்பதால், எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து அந்தத் திட்டம் வந்து இறங்கியது. நோயாளியை நோயாளியாகப் பார்க்காமல் மனிதராகப் பார்ப்பதற்கான திட்டமாம். ஒவ்வொருவருடைய வாழ்க்கைக் கதையையும் ஒரு பக்கத்தில் எழுதித் தலைமாட்டில் மாட்டிவிட்டால், நர்ஸ்மாரும் டொக்டர்மாரும் அதைப் படித்து, அந்த ஆளுக்கு ஏற்ற மாதிரிப் பேசுவார்கள், கவனிப்பார்கள். யோசனையில் ஒரு பிழையும் இல்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதுவரை என் மாமாவுக்கு அந்த வார்டில் பெயர் "மூலைக் கட்டில்". நான் மூலைக் கட்டிலின் மருமகள்.

கதை எழுத ஒரு இளம்பெண் வந்தாள். நல்ல பிள்ளை. பொறுமையான சிரிப்பு, சுத்தமான கொழும்புத் தமிழ், கழுத்தில் அடையாள அட்டை. வார்டில் எல்லோரும் அவளைக் கதை மிஸ் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவள் முதலில் எழுதியது எதிர்க்கட்டில் பெரியவருடைய கதையை. அவர் ஹேர்னியா ஒப்பரேசனுக்கு வந்தவர். எந்த ஊர் என்று கேட்டாள். மீரியபெத்தப் பக்கம் என்றார், மலை சரிந்து லயங்களை மூடிய தோட்டம் அது. அவ்வளவுதான், கதை மிஸ்ஸின் கண்கள் அகலமாகிவிட்டன. அதற்கப்புறம் மண்சரிவைத் தவிர அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மனுசன் கெட்டிக்கார கரம் போர்ட் ஆட்டக்காரராம், மூன்று தோட்டத்துப் பையன்களைத் தோற்கடித்தவராம், எனக்குச் சொன்னார். பால் போட்ட தேத்தண்ணி அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எழுதியது மண்சரிவு மட்டும். அன்று முதல் நர்ஸ்மார் ஒவ்வொருவரும் அவரைக் கடக்கும்போது தோளைத் தடவிவிட்டு, பெரிய கப்பில் பால் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் கூச்சத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பார்.

எங்கள் முறை வந்தபோது, கதை சொல்லும் பொறுப்பை என் நாத்தனார் எடுத்துக்கொண்டார். மாமாவின் மூத்த மகள். டவுனில் மாபிள் பதித்த வீடு. எங்கள் குடும்பத்தில் எந்த விசயமானாலும் கடைசி வார்த்தை அவருடையது, பெரும்பாலும் முதல் வார்த்தையும்தான். என் புருசன் லொறி ஓட்டுகிறவர், பாதி நாள் கொழும்பு ரோட்டில் இருப்பார். போனில் கேட்டால், "அக்கா சொல்றபடி செய்யி" என்று வைத்துவிடுவார். நானோ டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள். அதனால் நாத்தனார் பேசினார், நான் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா பரம்பரை வியாபாரி" என்று தொடங்கினார் நாத்தனார். "சின்ன வயசுலருந்தே டவுன்தான். பேப்பர் படிக்காம இருக்க மாட்டாரு. காலையில பக்திப் பாட்டு, சங்கீதம். மச்சம் மாமிசம் தொட மாட்டாரு."

கருவாடு இல்லாத நாளில் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைக்கிற மனுசன், கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறந்த இடம்?" என்று கேட்டாள் கதை மிஸ்.

"பதுளன்னே போடுங்க."

நான் இருமினேன். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையில் இருமல் நின்றுவிட்டது.

மாமா பிறந்தது நமுனுகுலப் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டு அறையில். நான் பிறந்ததும் பக்கத்துத் தோட்டம்தான், அதனால் எனக்கு யாரும் கதை எழுதித் தர வேண்டியதில்லை. கடை போட்டு ஹாலிஎலயில் குடியேறும் வரைக்கும் அவர் அந்தத் தோட்டத்தில் தப்பு, அதாவது பறை, அடித்தவர். அவருடைய அப்பாவும் அதைத்தான் செய்தார். கோயில் திருவிழாவுக்கும் சாவுக்கும் அடிப்பது இருக்கட்டும், தினமும் விடியுமுன் லயம் லயமாகத் தப்பை அடித்துக்கொண்டு போய்ச் சனங்களை எழுப்பிப் பெரட்டுக்கு அனுப்புவது அவருடைய வேலை. பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்கள் கூடி நின்று, அன்றைக்கு எந்த மலையில் என்ன வேலை என்று பிரித்துக் கொடுக்கிற இடம். அவருடைய தப்புச் சத்தம் கேட்டுத்தான் ஒரு தோட்டமே அடுப்புப் பற்றவைத்தது. பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டது, கொழுந்துக் கூடையை எடுத்தது, எல்லாம் அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான். பிறகு ஃபேக்டரியில் ஊதுகிற சங்கு வந்தது, அவருக்கு வேலை போனது. மிச்சம் பிடித்து வைத்ததைக் கொண்டு கடை போட்டார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். எங்கள் சனத்தைக் கேட்டால் உடனே சொல்லிவிடும். தப்பு என்றதும் சாதி தெரிந்துவிடும். தோட்டத்தில் இரண்டு கேள்வி போதும், எந்தத் தோட்டம், யார் மகன் என்று. அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் மரியாதைக்குக் கேட்பது. அதனால்தான் டவுனுக்கு வந்த எங்கள் ஆட்களுக்குப் பிறந்த தோட்டத்தின் பெயர் முதலில் மறந்துபோகும். லயத்தில் பக்கத்து அறையில் யார் தும்முகிறார்கள் என்று சொல்லக்கூடிய காது, டவுனுக்கு வந்ததும் எந்த உறவுக்காரர் கூப்பிட்டாலும் கேட்காது.

நாத்தனாருக்கு அப்போது இதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. அவருடைய மகளுக்குப் பண்டாரவளையில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் பேங்கில் வேலை. அவர்களும் தாத்தா காலத்தில் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து இறங்கியவர்கள்தான், ஆனால் அவர்களுக்கும் மறந்துவிட்டது. எங்களுக்கு மறந்தது வேறு தோட்டம், வேறு லயம். பெரியவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தலைமாட்டில் தொங்கும் கதையை அவர்கள் படிப்பார்கள் என்று நாத்தனாருக்குத் தெரியும். அது நர்ஸ்மாருக்காக எழுதியது என்பது அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மாமாவுக்குக் கிடைத்த தனிப்பட்ட கவனிப்பு இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். வார்டில் அவரை எல்லோரும் "முதலாளி" என்று கூப்பிட்டார்கள். நெஞ்சின் மேல் பேப்பரை விரித்து வைத்தார்கள், யாருடையதோ ஒரு மூக்குக் கண்ணாடியையும் மாட்டிவிட்டார்கள். குழாய்க்கு மேல் கண்ணாடி. ஒரு இளம் நர்ஸ் தன்னுடைய போனில் சங்கீதக் கச்சேரி ஒன்றைத் தேடி எடுத்து, விடியற்காலையில் அவருடைய காதோரம் வைத்துவிட்டுப் போனாள். சிங்களப் பிள்ளை, அவளுக்கு அது என்ன பாட்டென்றே தெரியாது, பாவம், ஒரு தமிழ் மனுசனைச் சந்தோசப்படுத்த அவ்வளவு பாடுபட்டாள். விழுங்கிப் பழக்க வந்த மிஸ், கதையைப் படித்துவிட்டுப் பால் பாயாசத்தைக் கரண்டியில் கொடுத்துப் பார்த்தாள். மாமா துப்பினார். விழுங்க முடியவில்லை என்று எழுதிக்கொண்டு போனாள்.

இதெல்லாம் சிரிக்கிற விசயம். சிரிக்க முடியாதது ஒன்று நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் பகல் பார்வை நேரத்தில் நான் போனபோது மாமாவின் இடது கை, அதாவது நல்ல கை, கட்டில் கம்பியோடு துணி போட்டுக் கட்டப்பட்டிருந்தது. மணிக்கட்டில் தோல் சிவந்து கிடந்தது. ஆளைக் கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை. வார்ட் சிஸ்டரிடம் ஓடிப்போய்ச் சிங்களத்தில் கேட்டேன். நடுத்தர வயது, கண்டிப்பான பெண், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லுவார். விடியற்காலையில் அவருக்கு ஒருவித முறுக்கம் வருகிறதாம். கை கம்பியில் அடித்துக்கொண்டே இருக்கிறதாம். அதில் குழாயையும் ஒரு தரம் இழுத்துவிட்டாராம். வலிப்பாக இருக்கலாம், இல்லாவிட்டால் குழப்பமாக இருக்கலாம் என்று டொக்டர் சொல்லி, தூக்க மருந்து போட்டுக் கையைக் கட்டச் சொல்லியிருக்கிறார்.

"பாட்டுக் கூடப் போட்டுப் பார்த்தோம்" என்றார் சிஸ்டர். "பாட்டுப் போட்டால் இன்னும் அதிகமாக அடிக்கிறார்."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அடுத்து டொக்டர் வந்து சொன்னது வேறு. ஆள் பகலிலும் தூக்கத்தில் கிடக்கிறார், எழுப்பி உட்கார வைக்க முடியவில்லை, விழுங்கிப் பழக்கவும் முடியவில்லை. இப்படியே படுத்திருந்தால் நெஞ்சில் சளி கட்டும். இந்த வயதில் அது வந்தால் பிறகு தங்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது என்றார். மருந்தைக் குறைத்தால் கை ஆடுகிறது, கை ஆடினால் குழாய் போகிறது என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். முதலாளி என்றே சொன்னார்.

எந்த மாதிரி அடிக்கிறார் என்று நான் கேட்டேன். அடிப்பது அடிப்பதுதான், அதில் என்ன மாதிரி என்பது போல அவர் என்னைப் பார்த்தார்.

மறுநாள் விடியுமுன் உள்ளே வர சிஸ்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். ஆண்கள் வார்டு, பொம்பளைக்கு அந்த நேரத்தில் வேலையில்லை என்று முதலில் முகத்தைத் தூக்கினார். பிறகு, அரை மணி நேரம், வாயைத் திறக்கக்கூடாது என்று விட்டார். நான் கட்டிலோரம் நின்றேன். ஜன்னலில் வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே மாமாவின் விரல்கள் அசைந்தன. கட்டுக்குள் இருந்தபடியே. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ மெல்லிசாகப் பிடித்திருந்தன, மற்ற விரல்கள் மடங்கியிருந்தன. பிறகு கை கம்பியில் அடித்தது. சின்ன அடி, வேகமான அடி, ஒரு இடைவெளி, திரும்பச் சின்ன அடி.

தப்பை இடது தோளில் சாய்த்து, வலது கையில் தடித்த குச்சியும் இடது கையில் மெல்லிய குச்சியும் பிடித்து அடிப்பார்கள். கனத்த அடி வலது கையில் விழும். அந்தக் கைதான் செத்துக் கிடந்தது. அதனால் எனக்குக் கேட்டது பாதி அடி மட்டும். மீதிப் பாதிக்கு அவர் இடம் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தார். என் சின்ன வயதில் நான் படுக்கையில் கிடந்து திட்டியபடி கேட்ட அதே அடி. எந்திரி, எந்திரி, பெரட்டுக்குப் போ என்கிற அடி. வலிப்பும் இல்லை, குழப்பமும் இல்லை. மனுசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கையைத்தான் கட்டி வைத்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வாயைத் திறக்கக்கூடாது என்பதால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எதிர்க்கட்டிலில் மீரியபெத்தப் பெரியவர் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். "எனக்கு இந்த நேரத்துக்கு முழிப்பு வந்துருதும்மா" என்றார். "ஏன்னுதான் தெரியல."

அன்று மத்தியானம் நாத்தனார் வந்ததும் அவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணி, மாமா தப்புத்தான் அடிக்கிறாரு. வலிப்பு இல்ல. சொல்லிட்டா கையை அவுத்துருவாங்க, தூக்க மருந்தும் நிப்பாட்டிருவாங்க."

அவர் முதலில் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவாப் பேசு. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"விடியக்காலையில வந்து பார்த்தேன்."

"பார்த்தீல்ல, அத்தோட வச்சிக்க. ஞாயித்துக்கிழமை பண்டாரவளைக்காரங்க வாராங்க. கல்யாணம் முடியட்டும், பொறவு பார்க்கலாம்."

"கல்யாணம் வரைக்கும் மாமா இருக்கணுமே அண்ணி."

கேட்டிருக்கக்கூடாத கேள்விதான். அவருடைய முகம் தொங்கிப்போய்விட்டது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. "நீ லயத்துலருந்து நேரா எங்க வீட்டுக்கு வந்தவ. ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். "ஸ்கூல்ல என்னைய எங்க உக்கார வச்சாங்க தெரியுமா? பின் பெஞ்சில. தண்ணி பானையில கை வைக்க விட மாட்டாங்க, ஒருத்தி ஊத்துவா, நான் கையில ஏந்திக் குடிக்கணும். டீச்சரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தா. அது என் மவளுக்கு வேணாம்."

எனக்கும் அந்தப் பெஞ்ச் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே சாதிதான். நான் மறைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம், அதுவும் என்னிடம் மாபிள் வீடு இல்லாததால் இருக்கலாம். அவர் மேல் இருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, "சரி, மாமாகிட்டயே கேப்போம்" என்றேன். அதுவரை அந்த மனுசனுடைய கதையை ஒருத்தி சொல்லி, ஒருத்தி எழுதி, வார்டு முழுக்கப் படித்தாகிவிட்டது. அவரிடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

மருந்து மயக்கம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நான் குனிந்து கேட்டேன். "மாமா, நீங்க தோட்டத்துல தப்பு அடிச்சத மிஸ்மாருகிட்ட சொல்லட்டுமா? சொன்னா கையை அவுத்துருவாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். வேண்டாம்.

நாத்தனார் ஜெயித்த முகத்தோடு நிற்பார் என்று திரும்பினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேண்டாம் என்ற மனுசனுடைய கதையை நான் எப்படிச் சொல்ல. சொல்லாவிட்டால் கை கட்டுக்குள்ளேயே கிடக்கும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டு போனேன், இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் சிஸ்டரிடம் போய் ஒரே ஒரு விசயத்தைச் சொன்னேன். இவர் வேலை செய்த காலத்தில் விடியுமுன் எழுந்து போனவர், அந்த நேரத்துக்கு அந்தக் கை அசையும், அது நோய் இல்லை, அவிழ்த்துவிட்டால் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றுவிடும். என்ன வேலை என்று சிஸ்டர் கேட்கவில்லை. சிஸ்டருடைய அப்பா ரெயில்வேயில் வேலை செய்தவராம், ஓய்வு பெற்ற பிறகும் ராத்திரி எழுந்து விசில் ஊதுவது போல வாயைக் குவிப்பாராம்.

"இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்" என்று தலைமாட்டுக் கதையை விரலால் தட்டினார். "இதில் சங்கீதம் என்றல்லவா இருக்கிறது."

அவர் டொக்டரிடம் பேசினார். ஒரு நிபந்தனை. விடியற்காலையில் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்து குழாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இருந்தேன். கட்டை அவிழ்த்தார்கள், தூக்க மருந்தை நிறுத்தினார்கள். முதல் நாள் அவர் அடித்து முடித்ததும் கையைத் தானே வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார், குழாயைத் தொடவே இல்லை. அந்த வாரத்துக்குள் பகலில் கண் திறந்தார், தலையணை வைத்து உட்கார்ந்தார். விழுங்கிப் பழக்குகிற மிஸ்ஸிடம் நான் வெறுந்தேத்தண்ணியில் சீனி போட்டுக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன், அவள் எதையோ கலந்து கெட்டியாக்கிக் கொடுத்தாள். மாமா விழுங்கினார். இன்னும் கொடு என்று வாயைத் திறந்தார். அவள் சந்தோசத்தில் கைதட்டிவிட்டாள். கதை மிஸ் வந்து பார்த்துவிட்டு, தன்னுடைய திட்டம் வேலை செய்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்காரர்கள் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்தார்கள். கதையை நின்று படித்தார்கள், சங்கீதம் என்ற இடத்தில் பையனுடைய அம்மா தலையசைத்தார். மாமா பகல் நேரத்தில் கையை ஆட்டுவதில்லை. எல்லாம் நல்லபடி முடிந்தது.

அடுத்த நாளே தீபாவளி வியாபாரம் சூடுபிடித்தது. என் துணிக்கடை முதலாளி நல்ல மனுசன், ஆனாலும் தீபாவளிக்கு முன் லீவு கேட்டால் எந்த முதலாளிக்கும் நல்ல மனம் கொஞ்சம் குறையும். விடியற்காலை முறையை நாத்தனார் எடுக்க வேண்டி வந்தது. முதல் நாள் பழக்கிவிட நானும் கூடப் போனேன். அவர் காதுவரை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏதோ திருடப் போகிறவர் போல வார்டுக்குள் வந்தார். கையில் ஒரு தடித்த துவாய் இருந்தது. எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஜன்னல் இன்னும் கறுப்பாக இருந்தது. மாமாவின் விரல்கள் மெல்லிய குச்சியைப் பிடித்தன. கம்பியில் அடி விழுந்தது. நாத்தனார் விறைத்துப்போனார். எத்தனையோ வருடமாக அவர் கேட்காத சத்தம். எதிர்க்கட்டிலில் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். அதற்கு அப்பால் இன்னும் ஒருவர், யாரோ எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆள், படுத்தபடியே, "யாருடா அது, பெரட்டுத் தப்பு மாதிரியே இருக்கு" என்றார்.

நாத்தனார் சட்டென்று துவாயை மடித்துக் கம்பியின் மேல், மாமாவின் கைக்குக் கீழே வைத்தார். கையைப் பிடிக்கவில்லை, கட்டவில்லை, அதை மட்டும் நான் சொல்லியாக வேண்டும். சத்தம் நின்றது. கை துவாயின் மேல் இரண்டு மூன்று தரம் விழுந்துவிட்டு நின்றது. மாமா கண்ணைத் திறந்தார். முழுதாக விழித்துக்கொண்டார். எது இல்லை என்று பார்க்கிறவர் போல அங்குமிங்கும் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். புறங்கையால் துவாயைத் தள்ளினார். அது தரையில் விழுந்தது.

நாத்தனார் அதை எடுத்து மறுபடி வைத்தார். "வேணாம்ப்பா" என்றார், குரல் வெளியே வரவில்லை. மாமா இந்த முறை அவரைப் பார்த்துக்கொண்டே தள்ளினார். பார்த்துக்கொண்டே கம்பியில் அடித்தார். அன்றைக்கு வேண்டாம் என்று தலையாட்டியவர் மகளுக்காகத்தான் ஆட்டினார் என்பது எனக்குத் தெரியும், மகளுக்கும் தெரிந்திருந்தது. நாத்தனார் துவாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கத் துவாயைக்கூட எடுக்கவில்லை.

அந்த இளம் நர்ஸ், சங்கீதம் போட்டவள், மருந்துத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தனக்குத் தெரிந்த தமிழில் சிரித்தபடி நாத்தனாரிடம் கேட்டாள். "அம்மா, தாத்தா ஒவ்வொரு நாள் என்ன செய்றது?"

நான் தயாராக வைத்திருந்த பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். பழக்கம், காலையில் எழுந்து போன பழக்கம் என்று. நாத்தனார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தோட்டத்துல தப்பு அடிச்சவரு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

தள்ளுவண்டிச் சத்தத்தில் நர்ஸுக்குக் காதில் விழவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, என்ன என்று கிட்ட வந்தாள். வார்டில் வேறு சத்தமே இல்லை. எதிரே இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கையும் நின்றிருந்தது.

நாத்தனார் நிமிர்ந்தார்.

"தப்பு அடிச்சவரு மிஸ்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்கப்பா. நமுனுகுலயில, லயத்துச் சனத்த எழுப்பிவிட்டவரு."